விழாவைக் கெடுத்தவன் பதில்

ஜனவரி 23 அன்று எங்கள் தெரு நலச் சங்கத்தில் நேதாஜி பிறந்தநாள் கொண்டாடினோம். அந்தக் கூட்டத்தை நான் கெடுத்துவிட்டேன் என்று பேச்சு அடிபடுகிறது. காலை நடைக்குப் போனால் நேராகவே கேட்கிறார்கள். வாட்ஸப் குழுவில் ஒருவர், 'கப்பல் கம்பெனிக்குக் கணக்கு எழுதின புத்தி எங்கே போகும்' என்று போட்டிருக்கிறார். அதற்குப் பதினோரு பேர் கைதட்டல் படம் வேறு. எனக்குக் கொடுத்தது ஐந்து நிமிஷம். மூன்றாவது நிமிஷத்தில் மைக்கை வாங்கிவிட்டார்கள். மீதியை இங்கே எழுதுகிறேன்.

வராதவர்களுக்காக முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சிறப்புப் பேச்சாளர் நன்றாகத்தான் பேசினார். 1943 பிப்ரவரியில் ஜெர்மனியின் கீல் துறைமுகத்தில் நேதாஜியும் ஆபித் ஹசனும் யு-180 என்ற நீர்மூழ்கியில் ஏறியது, ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்தது, ஏப்ரல் 28-ல் மடகாஸ்கர் பக்கம் நடுக்கடலில் ரப்பர் படகு வழியாக ஜப்பான் நீர்மூழ்கிக்கு மாறியது, மே மாதம் சுமத்ராவின் சபாங்கில் கரை இறங்கியது என்று கண்முன் நிறுத்தினார். எல்லாரும் கை தட்டினோம். நானும்தான்.

அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள். "அந்த ஜப்பான் நீர்மூழ்கியின் பெயர் ஐ-29. நேதாஜியை ஏற்றுவதற்கு ஐந்து மாதம் முந்தி, 1942 நவம்பர் 23-ல், அதே ஐ-29 திலாவா என்ற பயணிகள் கப்பலை டார்பிடோ போட்டு மூழ்கடித்தது. 280 பேர் போய்விட்டார்கள். அநேகமாக எல்லாரும் இந்தியர்கள். அவர்களுக்கும் இங்கே ஒரு நிமிஷம் எழுந்து நிற்போம்" என்றேன். யாரும் நிற்கவில்லை. பின் வரிசையில் இருந்து ஒரு சத்தம், செயலாளர் முகத்தில் ஒரு கலவரம், மைக் போயிற்று.

திலாவா என்ற பெயரே பலருக்குப் புதிது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இது என்ன கப்பல் என்று நம் வயசுக்காரர்களுக்குப் புரிய வைப்பது சுலபம். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய் வந்த ரஜூலாவை மறந்திருக்க மாட்டீர்கள். அதே பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிதான், நாம் பி.ஐ. கம்பெனி என்போமே, அதுதான். ரஜூலா 1926-ல் கட்டியது, திலாவா 1924-ல். பத்தாயிரம் டன் கப்பல். ரஜூலாவுக்கு மலாயா பாதை என்றால், திலாவாவுக்கு பம்பாயிலிருந்து ஆப்பிரிக்கா பாதை. பெட்டி படுக்கை, பித்தளைச் செம்பு, ஊறுகாய்ச் சாடி எல்லாவற்றோடும் டெக்கில் பாய் விரித்துப் படுத்துப் போகிற ஜனம் இரண்டிலும் ஒன்றுதான். அங்கே தமிழுக்குப் பதில் குஜராத்தியும் பஞ்சாபியும் கேட்டிருக்கும்.

1942 நவம்பர் 20-ல் பம்பாயிலிருந்து புறப்பட்டது. மொம்பாசா, மபூட்டோ, டர்பன் என்று போக வேண்டும். நாட்டில் 'வெள்ளையனே வெளியேறு' கொதித்துக்கொண்டிருந்த நேரம். நம் குலசேகரன்பட்டினத்தில் லோன் துரை வெட்டுப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. கப்பலில் 732 பயணிகள், 222 சிப்பந்திகள், பீரங்கிக்கு நான்கு பேர். மொத்தம் 958. ஆப்பிரிக்காவில் கடை வைத்திருக்கும் புருஷனிடம் போகிற பெண்கள், குழந்தைகள், லீவில் வந்து திரும்புகிற குமாஸ்தாக்கள். சிப்பந்திகளில் பெரும்பாலோர் நம் நாட்டு மாலுமிகள். லஸ்கர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள்.

23-ஆம் தேதி விடிவதற்குள், செஷல்ஸ் தீவுகளுக்கு வடகிழக்கே தொள்ளாயிரம் மைலுக்கு மேல் தள்ளி, முதல் டார்பிடோ அடித்தது. கப்பல் உடனே மூழ்கவில்லை. அதுதான் கொடுமை. இருட்டில் தூக்கத்திலிருந்து எழுந்து, எந்தப் படகு தனக்கு என்று தெரியாமல், கீழ்த்தளத்து ஜனம் முழுக்க மேலே ஓடி வந்திருக்கிறது. படகுகளை இறக்குவதற்குள் தள்ளுமுள்ளு, தண்ணீரில் விழுந்தவர்கள், பிள்ளையைக் கைவிட்டவர்கள். கப்பல் மிதந்துகொண்டே இருந்தது. ஆபத்துச் செய்தி போய்க்கொண்டே இருந்தது. அப்புறம் இரண்டாவது டார்பிடோ வந்தது. அதோடு முடிந்தது.

மிதந்தவர்கள் இரண்டு நாள் கடலில் கிடந்தார்கள். 25-ஆம் தேதி பர்மிங்ஹாம் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் வந்து எடுத்தது. கார்த்தேஜ் என்ற இன்னொரு கப்பலும் நாலு பேரை எடுத்தது. பிழைத்தவர்கள் 678. 27-ஆம் தேதி அதே பம்பாயில் கொண்டு வந்து இறக்கினார்கள். ஏழு நாளைக்கு முன்னால் கை காட்டி அனுப்பிய இடம்.

இவ்வளவு பெரிய சமாச்சாரம் எனக்கு எப்போது தெரிந்தது என்று கேட்டால் வெட்கமாக இருக்கிறது. முப்பத்தி நாலு வருஷம் இந்த ஊர்ப் பீச் ரோட்டில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சி ஆபீஸில் இருந்தவன் நான். மேனிஃபெஸ்ட், பில் ஆஃப் லேடிங், சரக்குக் கிளெய்ம் இதிலேயே கண் போயிற்று. திலாவா என்ற பெயரை ஒரு தரம்கூடக் கேட்டதில்லை. ஓய்வு பெற்று வெகுநாள் கழித்து, பழைய சகா ஒருவர் ஒரு கோர்ட் செய்தியை அனுப்பினார். 'நம்ம லைன் கேஸ், படியும்' என்று ஒரு வரி. கேஸ் செத்தவர்களைப் பற்றியது இல்லை. வெள்ளியைப் பற்றியது.

அந்தக் கப்பலில் வெள்ளிக் கட்டிகள் போயின. தென் ஆப்பிரிக்க அரசாங்கம் இந்திய அரசாங்கத்திடம் விலைக்கு வாங்கியது. காசு அடிப்பதற்காக. சுமார் 60 டன். 2017-ல் ஒரு தனியார் கம்பெனி, இரண்டரை கிலோமீட்டர் ஆழத்தில் கிடந்த கப்பலுக்குள்ளிருந்து அந்த வெள்ளியை எடுத்தது. மொத்தம் 2,364 கட்டிகள். இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், கப்பல் சேதப் பொருளுக்கு என்றே அங்கே இருக்கிற அதிகாரியிடம் பதிவு செய்து, எடுத்ததற்குக் கூலி கேட்டது. சால்வேஜ் என்பார்கள், எங்கள் தொழிலில் பழைய உரிமை அது. தென் ஆப்பிரிக்கா 'வெள்ளி எங்களுடையது, ஒரு நாட்டின் சொத்தை இன்னொரு நாட்டுக் கோர்ட்டில் இழுக்க முடியாது' என்றது. சுமார் நாலு கோடி டாலர் பெறுமான சரக்கு. 2020-ல் லண்டன் அட்மிரால்டி கோர்ட், 2022-ல் அப்பீல் கோர்ட், இரண்டிலும் எடுத்த கம்பெனிக்குச் சாதகம். 2024 மே மாதம் சுப்ரீம் கோர்ட் அதைத் திருப்பிப் போட்டது. அதற்குள் இரண்டு தரப்பும் வெளியே சமரசம் செய்துகொண்டாயிற்று.

கோர்ட்டில் எதைப் பற்றி வாதம் தெரியுமா? 1942-ல் டார்பிடோ அடித்த வேளையில், அந்த வெள்ளி வியாபார உபயோகத்தில் இருந்ததா இல்லையா என்பது. கப்பலில் கட்டணம் கட்டிப் போகிற சரக்கு, ஆகவே வியாபார உபயோகம்தான் என்றது ஒரு கட்சி. சும்மா கிடங்கில் கிடந்த கட்டி எந்த உபயோகத்திலும் இல்லை என்றது மறு கட்சி. இதில் மறு கட்சிதான் கடைசியில் ஜெயித்தது. நான் கேலி செய்யவில்லை. சட்டத்துக்கு அது சரியான கேள்விதான், தீர்ப்பும் நல்ல தீர்ப்பு. ஒரு பழைய குமாஸ்தாவாக ருசித்துத்தான் படித்தேன். படித்துக்கொண்டே போகும்போதுதான் உறைத்தது. கிடங்கில் அந்தக் கட்டிகள் இருந்த அதே விடிகாலையில், மேலே டெக்கில் ஜனங்கள் எந்த நிலையில் இருந்தார்கள் என்று மூன்று கோர்ட் படியில் எவனும் கேட்க வேண்டிய தேவையே வரவில்லை. வெள்ளிக்கு வக்கீல் இருந்தான். கட்டி எத்தனை ஏறிற்று, எத்தனை கிடைத்தது என்று எழுபத்தைந்து வருஷம் கழித்தும் ஒன்று ஒன்றாக எண்ண முடிந்தது.

போரில் இறந்த வணிகக் கப்பல் மாலுமிகளின் பெயர்கள் காமன்வெல்த் போர்க் கல்லறைக் கமிஷன் புத்தகத்தில் இருக்கின்றன. இந்திய மாலுமிகளுக்கு பம்பாயிலும் சிட்டகாங்கிலும் பதிவேடு உண்டு. லண்டனில் வெள்ளைக்கார மாலுமிக்குப் பெயரை வெண்கலத்தில் பொறித்து ஊர் நடுவில் வைத்தார்கள், நம் ஆளுக்குப் புத்தகத்துக்குள் வைத்தார்கள், அது வேறு வயிற்றெரிச்சல். டிக்கெட் எடுத்துப் போன பயணி அந்தக் கமிஷன் புத்தகத்திலும் வரமாட்டான். இறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் தாங்களாகவே அலைந்து, குடும்பம் குடும்பமாகத் தேடிப் பிடித்து, 2022 நவம்பர் 23-ல் மும்பையில் நினைவுக் கூட்டம் நடத்தினார்கள். எண்பது வருஷம் கழித்து.

சரி, இப்போது தெருவுக்கு வருகிறேன்.

கூட்டம் முடிந்த மறுநாள் காலை என்னோடு நடக்க வருகிற வாத்தியார் பிடித்துக்கொண்டார். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு நாற்பது வருஷச் சிநேகிதர்.

"ஏன் வே, வ.உ.சி. ஐயா செக்கிழுத்தது எந்தக் கம்பெனியால? இதே பி.ஐ. கம்பெனியாலதான? அவன் கப்பல் முங்குனா நமக்கு என்ன? நீரு எதுக்கு அழுவுதீரு?"

இந்த ஊரில் பிறந்து இந்தக் கேள்வியை யாராவது கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். நானும் பதில் தயாராகத்தான் வைத்திருந்தேன். "அண்ணாச்சி, சுதேசிக் கப்பலை ஒழிக்க அந்தக் கம்பெனி கட்டணத்தைக் குறைச்சுது, இனாமா ஏத்துதேன், குடையும் தாரேன்னு ஆள் பிடிச்சுதுன்னு நீங்கதான் பள்ளிக்கூடத்துல பிள்ளையளுக்குச் சொன்னீங்க. அப்ப அதுல ஏறினது யாரு? நம்ம ஜனந்தான. அவுகளையும் சேர்த்து முக்கிருங்கன்னு ஐயா என்னைக்காவது சொன்னாரா?" என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார்.

வ.உ.சி. கப்பல் விட்டதே டெக்கில் படுத்துப் போகிற அந்த ஏழைப் பயணிக்காகத்தான் என்று நான் நினைக்கிறேன். சுதேசிக் கப்பலை நசுக்கிப் போட்டார்கள், அதற்கப்புறம் நம் ஜனம் கடல் தாண்ட வேண்டுமென்றால் எதில் ஏறும்? அந்தக் கம்பெனி மேல் இருக்கிற கோபத்தை அதில் டிக்கெட் வாங்கியவன் சாவிலே தீர்த்துக்கொள்வதற்கு எந்தத் தேசபக்தியிலும் இடம் இல்லை.

கம்பெனியை விட்டுவிட்டுச் சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. போர் என்றால் அப்படித்தான், எல்லாரும் செய்தார்கள் என்கிறார்கள். செய்தார்கள், இல்லையென்று யார் சொன்னது. பயணிகளையும் சிப்பந்திகளையும் பத்திரமான இடத்தில் சேர்க்காமல் நீர்மூழ்கி ஒரு வணிகக் கப்பலை மூழ்கடிக்கக் கூடாது என்று 1936-ல் லண்டனில் எழுதி வைத்த விதி இருந்தது. ஜப்பானும் அதற்குச் சம்மதித்த நாடு. ஜெர்மனி அதை மிதித்தது. பேர்ல் ஹார்பர் அடிபட்ட அன்றைக்கே, ஜப்பான் கப்பல் எதுவானாலும் எச்சரிக்கை இல்லாமல் அடி என்று அமெரிக்கா உத்தரவு போட்டது. 1944 செப்டம்பரில் ரகுயோ மாரு என்ற ஜப்பான் கப்பலை அமெரிக்க நீர்மூழ்கி அடித்ததில், சயாம் மரண ரயில் பாதை வேலையில் செத்தும் சாகாமலும் தப்பி வந்த ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் கைதிகளே ஆயிரத்துக்கு மேல் போனார்கள். திலாவாவிலும் பீரங்கி இருந்தது, அரசாங்க வெள்ளி இருந்தது, ஆகவே அடிக்கத் தகுந்த குறிதான் என்று ஒரு வக்கீல் வாதாடலாம். அந்த வாதத்துக்குள் நான் போகவே இல்லை. ஐ-29 தலைவன் ஜூயிச்சி இசுவைக் கூண்டில் ஏற்றுங்கள் என்றா கூட்டத்தில் கேட்டேன்? அந்த நீர்மூழ்கியும் 1944 ஜூலையில் பிலிப்பைன்ஸ் வடக்கே அமெரிக்க டார்பிடோவில் போயிற்று. ஒரே ஒரு ஆள் பிழைத்தான். அந்தப் பிள்ளைகளுக்காகவும் ஒரு தாய் அழுதிருப்பாள். நான் கேட்டது ஒரு நிமிஷம் எழுந்து நிற்கச் சொல்லி. அவ்வளவுதான்.

மூன்றாவதாக ஒன்று சொல்கிறார்களே, அதுதான் எனக்கு வலிக்கிறது. நேதாஜியை அவமதித்துவிட்டேனாம். என் தாய்மாமன் மலாயாத் தோட்டத்திலிருந்து ஐ.என்.ஏ.வில் சேர்ந்து, திரும்பி வந்து, சாகும்வரை அந்தக் காக்கிச் சட்டையை டிரங்குப் பெட்டியில் மடித்து வைத்திருந்தவர். நேதாஜியைப் பற்றி என்னிடம் யாரும் பாடம் எடுக்க வேண்டாம். திலாவாவை அடித்ததில் அவருக்கு என்ன சம்பந்தம்? அவர் அப்போது பெர்லினில் இருந்தார். நீர்மூழ்கி என்ன வேலை செய்யும் என்று அவருக்குத் தெரியாமலும் இல்லை. அவர் உள்ளே இருக்கும்போதே யு-180 கார்பிஸ் என்ற எண்ணெய்க் கப்பலை மூழ்கடித்தது. தெரிந்துதான் ஏறினார். நாடு பெரிது என்று ஏறினார். அந்தக் கனத்தை அவர் தூக்கினார். நாம் என்னவென்றால் அவர் ஏறிய நீர்மூழ்கிக்கு மாலை போட்டுவிட்டு, அது இறக்கி வைத்த பிணங்களைப் பற்றிக் கேட்டாலே மைக்கைப் பிடுங்குகிறோம். அவரைச் சின்னப் பிள்ளைக் கதை நாயகன் ஆக்குவது நானா நீங்களா?

இன்னொன்றையும் கவனியுங்கள். 1914 செப்டம்பர் 22-ல் எம்டன் சென்னை மேல் குண்டு போட்டது. செத்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். இன்றைக்கும் கெட்டிக்காரனைப் பார்த்து 'அவன் பெரிய எம்டன்' என்கிறோம். அடித்த கப்பலின் பெயர் நம் பேச்சு வழக்கிலேயே ஏறிவிட்டது. அடிபட்டவன் பெயர் எதிலும் ஏறுவதில்லை. நமக்கு வெள்ளைக்காரனை அடித்தவனைப் பிடிக்கும். பிடிக்கட்டும். அந்த அடியில் நடுவில் மாட்டியவன் நம் ஆள் என்றால், அப்போது மட்டும் காது கேட்காமல் போய்விடுகிறது. வெள்ளைக்கார அரசாங்கத்துக்கு அந்தக் காலத்தில் தணிக்கை இருந்தது, செய்தியை அமுக்கக் காரணம் இருந்தது. 1947-க்கு அப்புறம் நமக்கு என்ன காரணம்?

இதை எழுதுகிறவன் யோக்கியன் இல்லை. ஐ-29 மேல் தளத்தில் ஜப்பான் மாலுமிகளோடு நேதாஜி முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் படம் நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்தை ஒரு பத்திரிகையிலிருந்து வெட்டி, ஆபீஸில் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருபது வருஷத்துக்கு மேல் வைத்திருந்தேன். வருகிற தோணிக்காரர்களுக்கெல்லாம் காட்டுவேன். 'பாரு, இந்த ஆளுகதான் தலைவரைக் கரை சேர்த்தது' என்பேன். பேரனுக்கும் சொல்லியிருக்கிறேன். அதில் நிற்கிற முகங்கள் ஐந்து மாதம் முந்தி அந்த இருட்டில் இரண்டாவது டார்பிடோவைத் தள்ளிய கைக்குச் சொந்தமான முகங்கள் என்று எனக்குச் சொல்ல எவனும் இல்லை. தெரிந்த பிறகு படத்தைக் கிழித்துவிடலாமா என்றுகூட ஒரு நாள் தோன்றியது. கிழிக்கவில்லை. படத்தில் என் மாமனின் தலைவர் இருக்கிறார்.

செயலாளர் போன வாரம் வந்திருந்தார். நல்ல பையன், ஐம்பது வயசு இருக்கும். "மாமா, அடுத்த வருஷம் நீங்க கதர் பத்திப் பேசுங்களேன்" என்றார். பேசுகிறேன் என்றேன். அந்தப் படத்தைக் கொஞ்சம் பெரிதாகப் பிரிண்ட் போட்டு மேடைக்குத் தருகிறேன், வாங்கிக்கொள்வீர்களா என்று கேட்டேன். தாராளமாக என்றார். படத்துக்குக் கீழே ஒரு வரி இருக்கும் என்றும் சொல்லிவிட்டேன்: 'திலாவா, 23-11-1942, 280 பேர்.' அவர் காபியைக் குடித்துவிட்டு, கமிட்டியில் கேட்டுச் சொல்கிறேன் என்று போனார்.

வாத்தியாரிடம் இதைச் சொன்னேன். தேதியைத் தமிழ் எண்ணிலும் எழுதச் சொல்கிறார்.